திராட்சைக்கு அறுபத்தொன்று

மகன்,

இந்தக் கடிதத்தை நாளைக் காலை லிட்கம் ஸ்டேஷனில் வைத்து உன் கையில் தருவேன். ஈமெயிலில் அனுப்பினால் நீ ஃபோனில் விரலால் தள்ளித் தள்ளி வாசிப்பாய், முக்கியமான இடம் வரும்போது யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள். அதனால்தான் காகிதம். இன்று எனக்கு முதியோர் இல்லத்தில் லீவு. காலையிலிருந்து மூன்று தரம் எழுத உட்கார்ந்து மூன்று தரமும் எழும்பிவிட்டேன். ஒருதரம் உடுப்புக் காயப்போட, ஒருதரம் பேனை சரியில்லை என்று வேறு பேனை தேட, ஒருதரம் அடுப்பில் ஒன்றுமே இல்லாத குசினியை எட்டிப் பார்க்க. அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "என்னப்பா, வீட்டை அளக்கிறீரோ?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன். நீ பிறப்பதற்கு முன்னிருந்தே நான் சொல்லிவருகிற ஒண்டுமில்லை அது. இன்றைக்கு அதை நிறுத்தவேண்டும் என்றுதான் இந்தப் பாடு படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்கு நீ சாப்பிட வந்தபோது சொன்னதுதான் காரணம். நண்டுக்காலைக் கடித்தபடி, லண்டனுக்குப் போய் என்ன வேலை செய்யப் போகிறாய் என்று அப்பாவுக்கு விளக்கினாய். உங்கள் கம்பனி அங்கே ஒரு சுப்பர்மார்க்கெட் சங்கிலியை வாங்குகிறது, வாங்கிய பிறகு அதை ஒழுங்குபடுத்தும் குழுவில் நீயும் ஒருவன், வெள்ளிக்கிழமை ப்ளேன். அதற்கு முன்னமே, புதன்கிழமை பின்னேரம், உன்னுடைய முதல் கையெழுத்து. எந்தெந்தக் காசாளர்களை விசாரணைக்கு எடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் பொறுக்கிக் கொடுத்திருக்கும் பட்டியலில் நீ கையெழுத்துப் போடவேண்டும். நாற்பத்தொரு பேர். "விசாரணை எண்டா என்ன நடக்கும்?" என்று அப்பா கேட்டார். "மோஸ்ட்லி தே லீவ், அப்பா" என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தபடி இருந்ததைக் கண்டு என் பக்கம் திரும்பினாய். "அம்மா, இட்ஸ் சிம்பிள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் இருக்கு. ஆரிண்ட நம்பர்ல விலை பிழையாப் போகுதெண்டு சிஸ்டம் பிடிச்சிடும். நம்பர்ஸ் டோன்ட் லை." நான் எழும்பிப் போய்ச் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உன் தட்டில் சோறு நிறைய இருந்தது.

பிறகு அந்தச் சங்கிலியின் பெயரைச் சொன்னாய். அதை இங்கே எழுத மாட்டேன். எனக்கு அதன் பெயர் மஞ்சள். மஞ்சளுக்கு முன் அது நீலம், நீலத்துக்கு முன் பச்சை. கடைக்குள் வேலை செய்த நாங்கள் கம்பனிகளை மேல்சட்டையின் நிறத்தால்தான் அறிந்தோம். நீ பிறக்கமுதல் நான் லண்டனில் "ஒரு கடையில்" வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். எந்தக் கடை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மகன், நீ வாங்கப்போவது என்னுடைய கடையைத்தான்.

அந்தச் சரித்திரத்தை நீ லாப்டாப்பில் ஒரு படமாக வைத்திருந்தாய். பெட்டி, அம்புக்குறி, பெட்டி. சாப்பாட்டு மேசையில் அதை அப்பாவுக்குக் காட்டினாய். அந்த முதல் பெட்டிக்குள் இருந்தவள் நான். லண்டன் நகரத்தின் ஓரத்தில் ஒரு சந்தையில் வெண்ணெயும் முட்டையும் விற்ற மனிதர் ஒருவர் தொடங்கியதுதான் பச்சை. அந்த நாட்டின் பெரிய பெயர்கள் பலவும் அப்படித்தான் தொடங்கினவாம், ஒருவர் தேயிலை, ஒருவர் பால், ஒருவர் பன்றியிறைச்சி. பிறகு ஒன்று மற்றதை வாங்கும், வாங்கியதை இன்னொன்று வந்து வாங்கும். எங்கள் கிளையில் மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டில் அந்த வெண்ணெய்க்காரரின் படம் தொங்கியது, வெள்ளை ஏப்ரனும் மீசையுமாய். அவருடைய பேரப்பிள்ளைகளுக்குள் ஒத்துவரவில்லை. வடக்கிலிருந்து வந்த நீலம் அவர்களிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் பச்சையாகப் பூட்டிய கடையைத் திங்கட்கிழமை காலை நீலமாகத் திறந்தார்கள். படத்தைக் கழற்றிய ஆணியில் நெருப்புப் பிடித்தால் எந்தக் கதவால் ஓடுவது என்ற அறிவித்தலை மாட்டியிருந்தார்கள். நாங்கள் சிட்னிக்கு வந்தபிறகு நீலத்தை மஞ்சள் வாங்கியது. இப்போது மஞ்சளை நீ வாங்குகிறாய். உன் படத்தில் அதெல்லாம் மூன்று அம்புக்குறி. அம்புக்குறிக்குள் என்ன நடந்தது என்று அதில் போட இடமில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

ஜெசிந்தா என்று ஒருத்தி இருந்தாள். இந்தப் பெயரை நீ நம் வீட்டில் கேட்டிருக்க மாட்டாய். என்னைப்போல மன்னார்க்காரி, எங்கள் கோயிலுக்கு அடுத்த பங்கு. லண்டனில் நாங்கள் இருந்த வீட்டிலேயே மேல் அறையில் வாடகைக்கு இருந்தாள். ஒரே வயது, ஒரே உயரம், ஒரே மாதிரிப் பின்னல். எனக்கு முன்னமே பச்சைக் கடையில் சேர்ந்து, என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தவள் அவள்தான். பொருட்கள் அடுக்கும் பின்னறையில் கோயில் பாட்டை உரத்துப் பாடுவாள், யாராவது முறைத்தால் இன்னும் உரத்துப் பாடுவாள். எங்கள் மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் எங்கள் இருவரையும் பிரித்து அறிய அவரால் கடைசிவரை முடியவில்லை. என் சம்பளக் கவரை அவளிடம் கொடுப்பார், அவளுக்கு வரவேண்டிய ஏச்சை எனக்குத் தருவார். "ஏச்சை நீ வை, கவரைத் தா" என்று அவள் கண்ணைச் சிமிட்டுவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அது சிரிக்கிற விஷயமில்லை என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

காசு வாங்கும் மேசையை டில் என்போம். டில்லில் இருப்பவளுக்கு ஒரு நம்பர் இருக்கும், காலையில் அதை அடித்தால்தான் மெஷின் திறக்கும். பெட்டியில் அடைத்து வரும் சாமானை மெஷின் தானே வாசித்துவிடும். நிறுத்து விற்கிற மரக்கறிக்கும் பழத்துக்கும் நாங்கள்தான் எண் அடிக்கவேண்டும். வெங்காயத்துக்கு இருபத்தேழு. வாழைப்பழத்துக்குப் பதினான்கு. திராட்சைக்கு அறுபத்தொன்று. எல்லா எண்ணும் ஒரு மட்டையில் அச்சடித்து மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். மற்றப் பெண்கள் அதைப் பார்த்துப் பார்த்து அடிப்பார்கள். நான் பார்க்கமாட்டேன். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வந்த காலம் அது, ஆனால் அந்த எண்கள் அத்தனையும் என் விரல்களில் இருந்தன. என்னைவிட வேகமாய் அந்தக் கிளையில் ஒருத்தரும் இல்லை. வெள்ளைக்காரக் கிழவிகள் நின்று பார்த்துவிட்டு "க்ளெவர் கேர்ள்" என்று சொல்லிப் போவார்கள். அந்த ஊரில் என்னிடம் பெருமைப்பட இருந்தது அது ஒன்றுதான். அந்தப் பெருமையால்தான் எல்லாம் கெட்டது.

எங்கள் சனத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், பிறகு நடந்தது விளங்குவதற்கு. பக்கத்து டில் காலியாகக் கிடந்தாலும் தமிழர் வந்து எங்கள் வரிசையில்தான் நிற்பார்கள். "பிள்ளை, நீர் மன்னாரோ? எந்த இடம்?" என்று பேச்சு ஓடும். பால்மாவையும் திராட்சையையும் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் நிற்பார்கள், அந்தக் கால்மணி நேரம் அவர்களுக்கு ஊருக்குப் போய்வந்த மாதிரி. "அங்காலை போங்கோ, அங்கை ஆளில்லை" என்றால், "பரவாயில்லை பிள்ளை, நாங்கள் இதிலயே நிக்கிறம்" என்பார்கள். இந்த நாட்டிலும் டண்டினொங்கில் உன் அன்ரியோடு கடைக்குப் போனாலும் அதே கதைதான், நீயே பார்த்துத் தலையில் கை வைத்திருக்கிறாய்.

நீலம் வந்தபோது நீ என் வயிற்றில் ஆறு மாதம். அப்பாவுக்கு வேலை போயிருந்தது, எங்கள் அகதி வழக்கும் முடியவில்லை, வீட்டுக்கு வந்தது என் சம்பளம் மட்டும். நீலத்துக்காரர் டில்லில் இருப்பவர்கள் இடைவேளை தவிர எழும்பக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். எனக்கோ மணிக்கு ஒருதரம் எழும்பவேண்டும். என் வசதிக்காகத்தான் என்று சொல்லி என்னை டில்லிலிருந்து எடுத்துத் தட்டுகளில் சாமான் அடுக்க விட்டார்கள். நாள் முழுக்க நின்ற நிலை. இரண்டாம் நாள் என் சப்பாத்துக்குள் கால் போகவில்லை. ஜெசிந்தா பார்த்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்த் தன் கதிரையில் இருத்தினாள். "நீ இரு. நான் போய் பிஸ்கற் அடுக்கிறன். ஆருக்குத் தெரியப் போகுது? எங்களை அவைக்கு அடையாளமே தெரியாது, மேசைக்குப் பின்னால வயிறும் தெரியாது." நம்பரை மாற்ற வேண்டுமென்றால் சுப்பவைசர் சாவியோடு வரவேண்டும், வந்தால் கேள்வி வரும். அதனால் அவளுடைய நம்பரிலேயே நான் இருந்தேன். பெயர் எழுதிய புது அட்டைகள் இன்னும் வரவில்லை. இரண்டு கிழமை, ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான்.

ஆனால் நீலம் எண்களையும் மாற்றியிருந்தது. புதுக் கம்பனி, புதுப் பட்டியல், புது மட்டை. எனக்குத் தெரியும், கூட்டம் வைத்துச் சொன்னார்கள். நான் மட்டையைப் பார்க்கவில்லை மகன். வரிசையில் எங்கள் சனம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது, நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் புதுசாய்ச் சேர்ந்தவளைப் போல அடிப்பதா என்றிருந்தது. விரல் பழைய வழியிலேயே போனது. திராட்சைக்கு அறுபத்தொன்று. நீலத்தின் பட்டியலில் அறுபத்தொன்று உருளைக்கிழங்கு. வெங்காயத்துக்குப் பிழையாய் விலை கூடினால் சனம் கத்தும், உடனே திருத்திவிடலாம். திராட்சை உருளைக்கிழங்கு விலைக்குப் போனால் யார் கத்தப்போகிறார்கள்? நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு அக்கா பில் துண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தா. "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார், பிள்ளை" என்று மெதுவாய்ச் சொல்லிவிட்டுப் போனா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுப்பவைசரைக் கூப்பிட்டுச் சொன்னால் நான் ஏன் அந்தக் கதிரையில் இருக்கிறேன் என்று கேட்பார். சொல்லவில்லை. அதற்குப் பிறகு கவனமாய் அடித்தேன் என்று எழுத ஆசைதான். கவனமாய் இருந்தபோது சரியாய் அடித்தேன், கூட்டம் கூடியபோது விரல் தன்பாட்டுக்குப் போனது. ஜெசிந்தாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கம்.

இரண்டாம் கிழமை முடிவில் அவளை மேலே கூப்பிட்டார்கள். அவளுடைய நம்பர், அவளுடைய டில், பின்னேரங்கள், திராட்சை எல்லாம் உருளைக்கிழங்கு. அந்த டில் வரிசையில் நின்றவர்கள் முழுக்க எங்கள் சனம் என்பதையும் யாரோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள். தன் ஆட்களுக்கு வேண்டுமென்றே விலை குறைத்துக் கொடுத்தாள் என்று எழுதினார்கள். களவு என்ற சொல்லை எழுதவில்லை, அதற்கு அவர்களிடம் வேறு நாகரிகமான சொல் இருந்தது. அரைமணி நேரத்தில் இறங்கி வந்தாள். உடுப்பு மாற்றும் அறையில் நான் நின்றேன். "பின்னேரத்தில ஆர் இருந்தது எண்டு கேட்டவை" என்றாள். "நான்தான் எண்டு சொல்லிப்போட்டன்." நான் அழத் தொடங்கினேன். "ஏன்ரி அழுறாய்? ரெண்டு பேரும் மாறி இருந்தனாங்கள் எண்டு சொன்னா ரெண்டு பேரையும்தான் அனுப்புவினம். உன்ர மனுசனுக்கும் வேலை இல்லை. வயித்தில பிள்ளை. எனக்கென்ன, தனிக்கட்டை, வேற கடை பாப்பன். வாயைத் திறக்காதை." அவள் சொன்னாள், நான் திறக்கவில்லை. அன்றைக்குத் திறக்காததற்குக் காரணம் நீ என்று சொல்லலாம். நீ பிறந்த பிறகும் திறக்கவில்லையே, அதற்கு என்ன காரணம் சொல்வேன்?

வேற கடை அவளுக்குக் கிடைக்கவில்லை. எங்கே போனாலும் பழைய இடத்திலிருந்து கடிதம் கேட்டார்கள், நீலம் கொடுக்கிற கடிதம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு அலுவலகக் கட்டடத்தில் விடியப்புறம் போய்த் தரை துடைத்தாள். என்னை நீலத்துக்காரர் அடுத்த வருடம் சுப்பவைசராக்கினார்கள், புது எண்களை வேகமாய்ப் பழகிவிட்டேனாம்.

இதைவிட மோசமானதை இனித்தான் எழுதப்போகிறேன். இந்த இடத்தில் எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தேன், கையில் ஒன்றுமில்லை. நீ வயிற்றில் வந்த நாளிலேயே ஜெசிந்தாதான் உனக்கு ஞானத்தாய் என்று முடிவு. அவள் அதற்கென்று ஒரு சேலைகூட எடுத்து வைத்திருந்தாள். நீ பிறந்தாய். ஞானஸ்நானத்துக்கு நாள் வைத்தோம். அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று பட்டது. அவளுடைய முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திராட்சைதான் ஞாபகம் வந்தது. "இவரின்ர ஆக்கள் தங்கட பக்கத்தில ஒராள்தான் வேணும் எண்டு நிக்கினம்" என்று அவளிடம் பொய் சொன்னேன். அப்பா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அப்போது லண்டனில் இருந்த அப்பாவின் மச்சாள், உன் டண்டினொங் அன்ரி, ஞானத்தாய் ஆனா. நல்லவ, உன் பிறந்தநாளை ஒரு வருடமும் மறந்ததில்லை, அவவில் ஒரு குறையும் இல்லை. ஜெசிந்தா அன்று வந்தாள். கோயிலில் கடைசி வாங்கில் இருந்தாள். கேக் வெட்டமுதல் போய்விட்டாள். உன் ஞானஸ்நான ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது, கோயில் வாசலில் எல்லோரும் நிற்கிற படம், ஓரத்தில் ஒருத்தியின் பாதி முகமும் பச்சைச் சேலையும். சின்னனில் நீ விரலை வைத்து "ஹூ இஸ் தற்?" என்று கேட்டாய். "ஆரோ தெரியாது" என்று சொன்னேன். ஆறு மாதத்தில் அவள் மேல் அறையையும் விட்டுப் போனாள், நான் புது விலாசம் கேட்கவில்லை.

இந்த "ஆரோ தெரியாது" என்பதை உனக்கும் பழக்கிவிட்டேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது வகுப்பு மீன்தொட்டியின் பிளக்கை உன் காலால் தட்டிக் கழற்றிவிட்டாய். சனி ஞாயிறு போய்த் திங்கள் பார்த்தால் மீன்கள் எல்லாம் செத்துவிட்டன. பக்கத்து மேசைப் பையன்தான் செய்தான் என்று ரீச்சர் முடிவுகட்டி, அவனை மீன் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டா. காருக்குள் ஏறியதும் நீ சொன்னாய், "அம்மா, இற் வாஸ் மீ. நாளைக்குச் சொல்லட்டோ?" நான் கண்ணாடியில் பின்னால் வருகிற காரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, "அது முடிஞ்சுது தானே, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு" என்றேன். நீ சும்மா இருந்தாய். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டாய். அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு இருந்த துணிவு எனக்கு இருக்கவில்லை, அதையும் நானே பிடுங்கிப்போட்டேன். மன்னித்துக்கொள்.

இங்கே சுப்பர்மார்க்கெட்டில் நாமே அடித்துக்கொண்டு போகிற மெஷின் வந்தபோது, நான் திராட்சையை நிறுத்துவிட்டுத் திரையை இரண்டு தரம் பார்ப்பேன், விலையை வாய்க்குள் வாசிப்பேன். "அம்மா, நாசாவில ரொக்கற் விடுறீங்களோ?" என்று நீ பகிடி பண்ணுவாய். நானும் சிரிப்பேன். இனிமேல் ஏன் பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் நான் அம்மா, சொல்லாமல் விடமாட்டேன். அந்த நாற்பத்தொரு பேரில் களவெடுத்தவர்களும் இருக்கலாம். களவெடுத்தவனை விடு என்று நான் கேட்கவில்லை. நம்பர் பொய் சொல்லாது, சரி. எத்தனை மணிக்கு, எந்த டில்லில், எந்தச் சாமான் என்று அது உண்மையைத்தான் சொன்னது. கதிரையில் யார் இருந்தது என்று அதனிடம் ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. உங்கள் கம்பனியும் போனவுடன் எல்லாவற்றையும் மாற்றத்தான் போகிறது. மாற்றிய கிழமையில் எல்லாருடைய கையும் பிழைவிடும், கைகளுக்குக் கம்பனி மாறியது உடனே தெரியாது. ஒரு பின்னேரம், ஒரே ஒரு பின்னேரம், கீழே இறங்கிப் போய் அந்த வரிசையில் நின்று பார். பிறகு கையெழுத்துப் போடு. இந்தப் புதன்கிழமைக்குள் லண்டன் வரிசையில் நிற்க முடியாது, அது எனக்கும் தெரியும். அப்படியென்றால் இந்தப் புதன்கிழமை கையெழுத்துப் போடாதே. அதுதான் நான் கேட்பது. அதற்காக உன் மேலிடம் உன்னை ஒருமாதிரிப் பார்க்கலாம், லண்டனே இல்லாமல் போகலாம். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் ஜெசிந்தாவுக்கு ஃபோன் எடுத்தேன். டண்டினொங் அன்ரியிடம் நம்பர் இருந்தது, இத்தனை வருடமும் இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. லண்டனில் அப்போது காலை. ஒரு பள்ளிக்கூடக் குசினியில் வேலையாம், பின்னால் பாத்திரச் சத்தம். என் பெயரைச் சொன்னேன். "இப்ப ஏன்?" என்று கேட்டாள். சொன்னேன், என்ர மகன் அந்தக் கம்பனியை வாங்கிற ஆக்களோட வாறான் எண்டு. அவள் சிரிக்கத் தொடங்கினாள். அந்தப் பழைய சிரிப்புத்தான், நிற்கவேயில்லை. "உன்ர பெடியன்? அந்தக் கடையை?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். நான் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டேன். சிரிப்பு நின்றது. "அந்த டில்லுக்கு நான் உன்னோட கோவிக்கேல்லை. அது நானாச் சொன்னது. ஞானஸ்நானத்துக்குத்தான் கோவம். அது இண்டைக்கும் கோவம்தான்" என்றாள். நான் ஓம் என்றேன். "என்னை விசாரிச்ச அந்த ஃபைல் எங்கையாவது கிடக்குமோ?" என்று கேட்டாள். "கிடந்தா என்ர பேரை வெட்டிவிடச் சொல்லு." பிறகு பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு நேரம் என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

இப்போது அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவருக்கும் இதுவரை தெரியாது. மெதுவாய் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெசிந்தாவை ஏன் மாத்தினனீர் எண்டு நான் அப்பவே கேட்டனான். ஒண்டுமில்லை எண்டீர்" என்றார். குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஃபைல் கிடக்குமா என்று எனக்குத் தெரியாது மகன். யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் காலையிலிருந்து வீட்டை அளந்தேன். பச்சை இல்லை. நீலம் இல்லை. மஞ்சளும் இனி உங்களுடையது. கட்டடத்தையும் லொறியையும் பெயர்ப்பலகையையும் வாங்குகிறவன் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தக் கடையில் நடந்ததை வேண்டாம் என்று சொல்லமுடியுமா? அப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் கடைசியில் அந்தக் கம்பனி நீதான். ஆகவே முறைப்படி உன்னிடம் தெரிவிக்கிறேன். பச்சை நீலமான முதல் இரண்டு கிழமையும், பின்னேரங்களில், ஜெசிந்தாவின் நம்பரில் டில்லில் இருந்தது அவளில்லை, நான். திராட்சைக்கு அறுபத்தொன்று அடித்ததும் நான். அவள் அந்த நேரம் பிஸ்கற் அடுக்கிக்கொண்டிருந்தாள். இதை இங்கிலீஷிலும் ஒரு தாளில் எழுதி, முழுப்பெயரும் போட்டு, கையெழுத்து வைத்து இதோடு சேர்த்திருக்கிறேன். அவளுடைய விலாசம் கவரின் பின்பக்கத்தில் இருக்கிறது.

பதில் எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது.

அம்மா